ஓடு பிரிக்கிற பருவம்

ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையை மூடிவிட வேண்டும் என்று மேஸ்திரிக்கு அவசரம். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே, கொரங்காட்டு வேலிகளைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்து வீடு. தெற்குச் சாய்ப்பு பாதி திறந்து கிடக்கிறது. ஓடுகள் கைக்குக் கை மாறி இறங்க, வாசலில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்க்கிறார். கணீரென்றால் மறுபடி மேலே. சத்தம் செத்திருந்தால் கட்டுத்தரைப் பக்கத்துக் குவியலுக்கு.

தொட்டிக்கட்டு வீடு இது. நடுவில் வானம் பார்த்த தொட்டி, நாலு பக்கமும் அதை நோக்கிச் சரியும் கூரை, முன்னால் திண்ணையும் ஆசாரமும். ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைதான் இந்தப் பக்கம். ஆனால் பெய்கிற அன்று, உள்சரிவுத் தண்ணீரெல்லாம் கூடல்வாய் மூலைகளில் திரண்டுதான் தொட்டிக்குள் இறங்கும். அதனால் மேஸ்திரி எந்தத் தொட்டிக்கட்டு வீட்டுக்குப் போனாலும் முதலில் தடவிப் பார்ப்பது அந்த மூலை மரத்தைத்தான்.

நாட்டு ஓட்டுக்கு ஆணி கிடையாது. குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து, பாதி காய்ந்ததும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து சுடுவது. ஒரு வரிசையை மல்லாத்தி வைத்தால் அது வாய்க்கால். இரண்டு வாய்க்காலுக்கு நடுவே கவிழ்த்து வைப்பது மூடி. தன் கனத்திலேயே நிற்கும். அணில் நகர்த்தும், பூனை தட்டிவிடும். இப்போது மயில். "முன்னெல்லாம் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மேல ஏறுவோமுங் சார். இப்ப மயிலு வருசா வருசம் ஏத்தி விட்டுருது" என்கிறார் மேஸ்திரி.

கூரைக்கு அடியில் பனைவாரைகள். பனையில் வைரம் வெளிச்சுற்றில்தான், நடுவே சோறு. அந்த வெளிப்பகுதியைப் பிளந்து செதுக்கிய வாரை எதுவும் நூல் பிடித்தாற்போல் இருக்காது. நாட்டு ஓடு அந்தக் கோணலைப் பொறுத்துக்கொள்ளும். சீமை ஓடு பொறுக்காது. அதன் காது ரீப்பரில் மாட்ட வேண்டும், பள்ளத்தில் பள்ளம் உட்கார வேண்டும். ஓரிடத்தில் மரம் எழும்பினால் வரிசையே வாய் பிளக்கும். வடக்குச் சாய்ப்பைச் சீமை ஓட்டுக்கு மாற்றியபோது வாரைகளை எடுத்துவிட்டுத் தேக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வாரை நின்ற பழைய குழிகள் சுவரின் தலையில் இன்னும் தெரிகின்றன.

அந்தச் சீமை ஓட்டின் அடிமுதுகில் பாசல் மிஷன் பெயரும் 1865 என்ற எண்ணும் அச்சாகியிருக்கின்றன. வீட்டுக்கார ஆத்தா அதைத்தான் வீட்டின் வயசு என்கிறார். மங்களூரில் அந்த மிஷனரிகள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. நான் மறுத்துப் பேசவில்லை. எனக்குக் காபி வந்துகொண்டிருந்தது.

பழைய மாற்றங்கள் எதிலும் எனக்குக் குறையில்லை. சட்டம் வேண்டாமென்றால் கழற்றலாம், ஓட்டை இறக்கலாம். கிழக்கு அறையின் சங்கதி வேறு. மண் சுவரின் சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசியிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் முன்பு காரை வழியாக ஆவியாகிப் போகும். இப்போது போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, மண்ணை இளக்கி, முழங்கால் உயரத்துக்குப் பூச்சைப் பத்தை பத்தையாகத் தள்ளுகிறது. உதிர்ந்த இடத்தில் மறுபடி சிமென்ட். தொட்டிக்கு மேலே கம்பி போட்டு ஃபைபர் தகடு மூடியிருப்பதைப் பார்த்தும் முகம் சுளித்தேன். ஆத்தா விடவில்லை. "ராத்திரி தனியாப் படுத்துப் பாரு கண்ணு, அப்பறம் சொல்லு." திருட்டுப் பயம் ஒரு கட்டடக் காரணம்தான்.

புது நாட்டு ஓட்டுக்குச் சூளை தேடினால் கிடைப்பதில்லை. மேஸ்திரியின் கையிருப்பெல்லாம் இடித்த வீடுகளிலிருந்து வந்தது. பழசு என்றாலும் அளவு ஒத்துவர வேண்டும். ஒவ்வொரு சூளைக்கும் ஒரு வளைவு. இந்தச் சாய்ப்புக்கு ஆகாத ஓடுகளைப் பேசாமல் தொழுவத்துக் கூரைக்கு ஒதுக்குகிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு போன். அங்கே ஒரு வீடு பிரிக்கிறார்களாம். எத்தனை ஓடு, வளைவு எப்படி, விலை என்ன என்று கேட்டுவிட்டு, இடிக்கிற இயந்திரம் வருவதற்குள் டெம்போ அனுப்புவதாகச் சொல்லிக் கையைக் கழுவினார். வாசலில் இருந்த அம்மா அதற்குள் அடுத்த அடுக்கைச் சுண்டத் தொடங்கியிருந்தார்.