பெயர்கள் ஓடும் நேரம்



தொலைக்காட்சியில் ஒரு நாடகம் முடிந்தவுடன் திரையின் அடியிலிருந்து பெயர்கள் மேலேறத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் அலைவரிசை மாறும். பிள்ளைகள் சாப்பிட அழைக்கப்படுவர். நடித்தவர் யாரென்று நமக்குத் தெரியும். இடியோசையை உருவாக்கியவர் யார், இளம்பெண்ணைக் கிழவியாக மாற்றியவர் யார் என்றறிய நாம் காத்திருப்பதில்லை.

அமெரிக்காவில் இத்தகையோருக்கென்றே ஒரு விழா நடைபெறுகின்றது. நட்சத்திரங்கள் சிவப்புக் கம்பளத்தில் நடந்துவரும் எம்மி விருது விழாவைப் பலர் அறிவர். அதற்குச் சில நாள்கள் முன்னரே, கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் எம்மி என்னும் பெயரில் இன்னொரு விழா ஆரவாரமின்றி நடந்துவிடும். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிக்கலவை, உடையமைப்பு, சிகையலங்காரம், ஒப்பனை, அரங்க அமைப்பு, சண்டைக்காட்சி எனப் பிரிவுகள் நீளும். ஓர் இரவு போதாமையால் 2016 முதல் அது ஒன்றுக்கு மேற்பட்ட நாள்களில் நடத்தப்படுகின்றது.

2024இல் ‘ஷோகன்’ என்னும் தொடர் 18 எம்மி விருதுகளைப் பெற்றது. ஒரு தொடரின் ஒரே பருவத்திற்கு அதற்குமுன் அத்தனை விருதுகள் கிடைத்ததில்லை. அந்தப் பதினெட்டில் 14 இந்த முன்விழாவில் கிடைத்தவை. பெரிய விழாவில் கிடைத்தவை நான்கே. முன்விழாவில் கிடைத்தவற்றுள் ஒன்றிரண்டைத் தவிர மற்றவையெல்லாம் நாம் முகம் பார்த்தறியாதவர்களின் உழைப்புக்குக் கிடைத்தவை.

எம்மி என்பது ஒரு நடிகையின் பெயரன்று. அக்காலத் தொலைக்காட்சிப் படக்கருவிக்குள் இருந்த இமேஜ் ஆர்த்திகான் என்னும் குழலைத் தொழில்நுட்பர்கள் செல்லமாக ‘இம்மி’ என்று அழைத்தனர். அதுவே எம்மி ஆனது. (நம் தமிழில் இம்மி என்றால் மிகச் சிறிய அளவு. இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.) சிலையை வடிவமைத்த லூயி மெக்மேனஸ் ஒரு பொறியாளர். தம் மனைவியையே மாதிரியாக வைத்து அவர் வரைந்தார். அதற்குமுன் வந்த 47 வடிவங்கள் தள்ளுபடி செய்யப்பட்டிருந்தன. சிறகுடைய பெண் ஓர் அணுவைத் தூக்கிப் பிடித்திருப்பாள். சிறகு கலைக்கு, அணு அறிவியலுக்கு. 1949 சனவரி 25ஆம் நாள் நடந்த முதல் விழாவில் ஆறே விருதுகள்தாம். அவற்றுள் ஒன்று தொழில்நுட்பத்திற்கு. சிலையை வடிவமைத்த மெக்மேனஸுக்கும் ஒன்று. சிறந்த கலைஞர் விருதை வென்றவரோ பொம்மையைப் பேச வைத்த மாணவி, ஷெர்லி டின்ஸ்டேல்.

தனி நாளில் நடத்துவது இரண்டாம் பந்தியில் உட்கார வைப்பது போலன்றோ என்று சிலர் கேட்கலாம். ஓரளவு உண்மைதான். ஆயினும், இரண்டாம் பந்தியிலும் இலை போட்டுப் பரிமாறுகின்றார்களே!

பந்தியிலிருந்து பாதியில் எழுப்பப்பட்டவர்களும் உண்டு. இது திரைப்படத்துறையில் நடந்தது. புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியைக் கணினியில் உயிர்ப்பித்தது ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம். நம் சைபர்ஜெயாவிலும் அதற்குக் கிளை இருந்தது. மலேசிய இளைஞர்களும் அப்படத்திற்காக உழைத்தனர். 2013 பிப்ரவரியில் அந்நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. அதே மாதம் 24ஆம் நாள் அப்படத்தின் காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கார் கிடைத்தது. மேடையேறிய குழுத்தலைவர் நிறுவனத்தின் நெருக்கடியைக் குறிப்பிடத் தொடங்கியபோது, இசை ஒலிக்கப்பட்டு அவருடைய ஒலிவாங்கியும் அணைக்கப்பட்டது. அரங்கிற்கு வெளியே நூற்றுக்கணக்கான வரைகலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தனர்.

தூத்துக்குடிக்காரரான கொட்டலங்கோ லியோனுக்கு 2016இல் ஆஸ்கார் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. எடுத்த காட்சிகளை உடனுக்குடன் போட்டுப் பார்த்துத் திருத்த உதவும் மென்பொருளைச் சகாக்களோடு உருவாக்கியமைக்காக அது வழங்கப்பட்டது. அதுவும் முன்னதாக நடக்கும் தனி விழாவில்தான். தங்கச்சிலை இல்லை, சான்றிதழ். தூத்துக்குடியும் நம் போர்ட் கிள்ளானைப் போன்று துறைமுக நகரமே என்று சொன்னதும் என் வகுப்பு மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இத்தனையும் எழுதக் காரணம் நம் பள்ளிகளின் பரிசளிப்பு விழாதான். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போனபின்னும் நம் மேடைகளில் பாட வாரியாக முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்றே கேடயங்கள் போகின்றன. மேடையேறும் பிள்ளைகள் மேடையேறட்டும். அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அந்த மேடையின் பின்திரையை வரைந்த பிள்ளை எங்கே நிற்கின்றது?

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பள்ளி நாடகத்திற்காக அட்டைப் பெட்டிகளைக் கொண்டு துறைமுகப் பாரந்தூக்கி ஒன்றைச் செய்தான். தையல் நூலுருண்டைகளைக் கப்பியாக்கி, திரைக்குப் பின்னாலிருந்து கயிற்றை இழுத்தால் கொள்கலன் மேலே எழும்பும். பார்த்தவர்கள் நடித்தவர்களைவிட அதற்கே பலமாகக் கைதட்டினர். அவ்வாண்டின் பரிசளிப்பு விழாவில் அவன் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் தாயார் என்னிடம் கேட்டார்: “நல்லாத்தான் செய்றான் டீச்சர். ஆனா, இதுக்கெல்லாம் யாரு மார்க்கு குடுக்கறா?”

அந்தக் கேள்வியையே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு எடுத்துச் சென்றேன். அரங்க அமைப்பு, ஒலி ஒளி, உடை ஒப்பனை என மூன்று கேடயங்கள் வேண்டினேன். “எல்லாருக்கும் பரிசு கொடுத்தால் பரிசுக்கு என்ன மதிப்பு?” என்று ஒருவர் மறுத்தார். நியாயமான அச்சம்தான். எல்லாருக்கும் வேண்டாம், நன்றாகச் செய்தவருக்குப் போதும் என்றேன். எம்மியில் ஒப்பனைக் கலைஞரைப் பரிந்துரைப்பவர்கள் ஒப்பனைத் துறையினரே. ஒலிப்பதிவாளரைப் பரிந்துரைப்பவர்கள் ஒலித்துறையினரே. நம் பெற்றோரிடையே தையற்காரர் உண்டு, மின்பணியாளர் உண்டு, தச்சர் உண்டு. மதிப்பிட அவர்களைவிடத் தகுதியானவர் யார்? நீண்ட வாக்குவாதத்திற்குப் பின் அரங்க அமைப்புக்கு மட்டும் ஒரு கேடயம் ஒப்புக்கொள்ளப்பட்டது. மற்ற இரண்டும் அடுத்த ஆண்டு பார்க்கலாமாம்.

நடுவராக வருமாறு, துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கும் ஒரு தந்தையை அழைத்தேன். பள்ளிக்கூட விழாவில் தமக்கென்ன வேலை என்று முதலில் தயங்கினார். நூலுருண்டைக் கப்பியைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறியது.

“கயித்த ஒரு சுத்துதான் விட்டானா, ரெண்டு சுத்தா டீச்சர்?” என்று கேட்டார்.