துருவுக்கும் ஒரு ஜாதகம் உண்டு!

கஷ்டப்பட்டு செஞ்ச பொருளை யாராவது வேணும்னே அழுக்காக்குவாங்களா? ஆக்குவாங்க பாஸ்! உலகம் பூரா இருக்கிற மாடல் ரயில் பிரியர்கள் அதைத்தான் ராத்திரி பகலா செய்றாங்க. பேரு 'வெதரிங்'. பளபளன்னு இருக்கிற குட்டி வேகனை, இருபது வருஷம் வெயிலும் மழையும் பார்த்த வேகன் மாதிரி மாத்துற வேலை.

இதைக் கத்துக்க லண்டனுக்கெல்லாம் போக வேண்டாம். ஈ.சி.ஆர். வழியா போற பாண்டிச்சேரி பஸ் ஏறி, மரக்காணத்துக்கு முன்னாடி வர்ற கடப்பாக்கத்துல இறங்குங்க. ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கத்தான் எல்லாரும் அங்கே போவாங்க. நீங்க வழியில இருக்கிற இரும்பு கேட், பழைய சைக்கிள், தகரக் கதவையெல்லாம் பாருங்க. கடல் காத்து அங்கே இலவசமா கிளாஸ் எடுக்குது!

உப்பு ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். அதுல இருக்கிற குளோரைடு, இரும்பு அரிக்கிற வேகத்தைக் கூட்டும். இரும்பு துருவா மாறினா ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேட்கும். அதனாலதான் பெயின்ட் அடியில இருந்தே உப்பி, கொப்புளமாகி, உரிஞ்சு வருது. ஸ்க்ரூவுக்குக் கீழே மழைத்தண்ணி ஒழுகின கோடு தெரியும். புதுத் துரு ஆரஞ்சு. பழைய துரு காபிக்கொட்டை நிறம். ஆனா, தினம் கை படுற தாழ்ப்பாள் மட்டும் பளிச்சுன்னு இருக்கும். படகு ஓரமா வலை சரி பண்ணிட்டிருந்த ஒரு அண்ணன் சொன்னார்: "தண்ணி எங்கே நிக்குதோ, அங்கேதான் தம்பி முதல்ல அரிக்கும்." எங்க மெட்டீரியல்ஸ் பேப்பர்ல அரை யூனிட் அந்த ஒரே வரியில முடிஞ்சுது!

சரி, செய்முறைக்கு வருவோம். நான் எடுத்துக்கிட்டது, குறுகிய ரயில் பாதையில ஓடின திறந்த சரக்கு வேகன். ஐஸ் குச்சி, அட்டை போதும். அளவு 1:76. முதல்ல முழுசுக்கும் துரு கலர்ல அக்ரிலிக் அடிங்க. காய்ஞ்சதும், துரு தெரிய வேண்டிய இடத்துல மட்டும் தண்ணி தொட்டு, தூள் உப்பைத் தூவுங்க. அது காய்ஞ்சு ஒட்டினதும் மேலே வேகன் கலர் ஸ்ப்ரே. அப்புறம் பிரஷ்ஷால உப்பைத் தட்டி எடுத்தா, பெயின்ட் உரிஞ்ச வேகன் ரெடி! கல் உப்பு மட்டும் வேண்டாம். 1 மி.மீ. உப்புக்கல், நிஜ வேகன்ல 7.6 செ.மீ. திட்டு ஆயிடும்.

கடைசியா, சாக் பாஸ்டலை உப்புத்தாள்ல தேய்ச்சு, அந்தப் பொடியை சக்கரத்துக்குப் பக்கத்துல பூசுங்க. பிரேக் கட்டை தேய்ஞ்சு வர்ற இரும்புத் தூள் அங்கேதான் படியும். உள்ளே தரையில மண்வெட்டி உரசின கீறல் நாலு போடுங்க.

ஒரே ஒரு ரூல்தான். ஒவ்வொரு கறைகிட்டேயும் 'நீ ஏன் இங்கே இருக்கே?'ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா துடைச்சிடுங்க.

'இதுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்?'னு கேட்கறீங்களா? குறுகிய பாதைன்னதும் நம்ம பசங்க ஊட்டி ரயிலைச் சொல்வாங்க. அது மீட்டர் கேஜ்! நம்ம ஊர்லயே இரண்டரை அடி அகலப் பாதைகள் நிஜமாவே இருந்துச்சு. திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி பாதை 1905-ல ஆரம்பிச்சு, 1936-ல மூடப்பட்டது. மொரப்பூர் - தருமபுரி பாதை 1906-ல வந்து, 1913-ல ஓசூர் வரைக்கும் நீண்டு, 1941-ல நின்னு போச்சு. அந்த வேகன்கள்ல மூட்டை ஏத்தி இறக்கினவங்க யாருன்னு நமக்குத் தெரியாது. போட்டோவுக்கு நின்னது பெரும்பாலும் துரைமார்கள்தான். ஆனா தேய்ஞ்ச தரையும், மழமழன்னு ஆன கைப்பிடியும் வேலை செஞ்சவங்களோடது.

அதனால, வேகன் முழுசும் துரு பூசினாலும் கதவுத் தாழ்ப்பாளை விட்டுடுங்க. அங்கே மட்டும் பென்சில் முனையை லேசா தேய்ங்க. கிராஃபைட்ல இரும்பு மாதிரியே ஒரு மினுமினுப்பு வரும்.

அது, பேர் தெரியாத ஒருத்தரோட கையெழுத்து!