கை தங்குமிடத்தில் விசை

அம்பத்தூருக்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு நெடியது. 1949இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் இவ்வூரில் ஆலை அமைத்து, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை நாடெங்கும் அனுப்பியது. அந்நாளைய சாதாரண வண்டிகளுக்குக் கியர் இல்லை. இன்றைய மாணவர் பலர் கியர் வண்டியையே நாடுகின்றனர்.

என் தங்கை மகன் தன் வண்டியின் நேரான கைப்பிடியை மாற்றி, பந்தய வண்டிக்குரிய வளைந்த கைப்பிடியைப் பொருத்த விரும்பினான். "பழைய கியர் விசையையே மாட்டலாமா, மாமா?" என்றான். நேரான கைப்பிடியில் விசை பூட்டுமிடத்தின் விட்டம் 22.2 மில்லிமீட்டர், வளைந்ததில் 23.8. ஆகவே பொருந்தாது என்றேன்.

"சட்டத்தின் கீழ்த்தண்டில் பொருத்தினால் செலவு குறையுமே" என்றான். பழைய பந்தய வண்டிகளில் அம்முறை உண்டு. ஆயின், கியர் மாற்றுந்தோறும் ஒரு கையை எடுத்துக் கீழே நீட்டவேண்டும். லாரிகள் நெருக்கும் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் அக்கை கைப்பிடியில் அல்லவா இருக்கவேண்டும்!

வளைந்த கைப்பிடிக்கு, 1990இல் ஷிமானோ நிறுவனம் கொண்டுவந்த, பிரேக்கோடு இணைந்த விசையே உகந்தது. அதன் விலை மிகுதியெனில், கைப்பிடி முனையில் பொருத்தும் விசை உண்டு. அதற்கும் வசதியில்லையேல், நேரான கைப்பிடியும் கட்டைவிரலுக்கு எட்டும் விசையுமே போதும். அவன் அதனையே வைத்துக்கொண்டான்.

மாணவ நண்பர்களே, வண்டியின் தோற்றத்தைப் பார்க்குமுன் உங்கள் கை எங்கே தங்குகிறது என்று பாருங்கள். விசை அங்கே இருக்கட்டும்.