புழுவுக்கும் ஒரு பெயர்

காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்க்குப் புழு என்றால் மண்புழுதான். மண்வெட்டி பட்ட இடத்தில் அது நெளியக் கண்டால், நல்ல மண் என்று உழவன் மனம் நிறையும். அதன் கடல்வழிச் சொந்தங்களையோ நம்மில் பலர் அறியோம்.

சிங்கப்பூரில் வாழும் என் தமக்கை மகன் வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறான். ஒருநாள் தொலைபேசியில் பதறினான்: “மாமா, இரவில் விளக்கைப் போட்டால் பாறை இடுக்கில் பூரான் போல் ஏதோ ஊர்கிறது. மருந்து ஊற்றிக் கொன்றுவிடட்டுமா?”

“கொல்வதற்கு முன் அதன் பெயரைக் கேள்” என்றேன். பாறைக்குள் புழுக்கள் மொத்தமாக மாண்டு அழுகினால் நீர் நஞ்சாகும்; மீனும் பவளமும் சேர்ந்தே மடியும்.

பெயரைக் கேட்கும் முறையை நான் கற்றது பரங்கிப்பேட்டையில். அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் நிலையத்தில், வெள்ளாற்று முகத்துவாரச் சேற்றைச் சல்லடையில் அலசி, எஞ்சும் புழுக்களை நுண்ணோக்கியில் வைத்து, தாடையையும் முள்மயிரையும் எண்ணுவோம். பிரெஞ்சு அறிஞர் ஃபோவெல் எழுதி 1953-இல் வெளிவந்த இந்தியக் கடற்புழு நூலே எங்களுக்குக் கைவிளக்கு. அந்நூல் ஐரோப்பியப் புழுக்களின் பெயரால் அழைத்த சில, வேறு இனங்கள் என்று பின்னாளில் தெளிந்தது. பெயரிட்ட பின்னும் ஆராய்ச்சி ஓய்வதில்லை.

தொட்டிப் புழுவுக்கு நுண்ணோக்கி வேண்டுவதில்லை. தலையைப் பார்த்தாலே பாதி விளங்கும். ஐந்து உணர்கொம்புகளும் வலிய தாடையும் இருந்தால் அது யூனிஸ் இனம். அவ்வினத்தில் சில ஒரு மீட்டருக்கும் மேல் வளர்ந்து மீனையே பிடித்துத் தின்னும். குழாயிலிருந்து விசிறி விரிப்பது நீரை வடித்து உண்ணும் சாது. இடுக்கிலிருந்து நூல் நூலாய் நீட்டுவது கசடு பொறுக்கி. தலையில் சதைமேடும் பக்கங்களில் வெண்மயிர்க் கற்றையும் இருந்தால் தீப்புழுக் குடும்பம். வெறுங்கையால் தொட்டால் மயிர் முறிந்து தோலில் தைத்து எரியும்.

மருமகன் படம் அனுப்பினான். சதைமேடும் வெண்கற்றையும் தெளிவாகத் தெரிந்தன, தீப்புழுக் குடும்பமேதான். அக்குடும்பத்தில் பவளத்தைத் தின்பவை உண்டு. ஆகவே சில இரவுகள் பொறுத்துக் கவனிக்கச் சொன்னேன். அவன் தொட்டிப் புழுக்கள் பவளத்தை அண்டவே இல்லை; மீன் தின்று மிஞ்சிய இரையை மட்டும் துப்புரவு செய்துகொண்டிருந்தன. இரையைக் குறைக்கச் சொன்னேன். நாளடைவில் அவற்றின் எண்ணிக்கையும் குறைந்தது.

பெயரை அறிவது தொடக்கமே. செயலையும் கண்டறிந்த பின்னரே தீர்ப்புச் சொல்லலாம். குடும்பப் பெயரை மட்டும் கேட்டுக் குற்றம் சாட்டுவது, புழுவுக்கே அநீதி என்றால் மனிதருக்குச் சொல்லவும் வேண்டுமோ?