என் குழி, உன் குழி

ஜனவரி 24, வெள்ளி

வேலை முடிந்த கையோடு டேட்டனிலிருந்து கிளம்பிவிட்டேன். சின்சினாட்டி, லூயிவில் எல்லாம் தாண்டி, ஒகையோ ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எலிசபெத் என்கிற சிற்றூருக்கு மூன்று மணி நேரம். வழியெல்லாம் பனி. காசினோவின் பெரிய மண்டபத்துக் கதவைத் திறந்ததும் பந்தோடு பந்து மோதும் சத்தம். மூன்று மணி நேரக் குளிரும் அந்தச் சத்தத்திலேயே போய்விட்டது.

டெர்பி சிட்டி கிளாசிக் என்கிற இந்தப் பூல் போட்டி 1999-இல் தொடங்கியது. ஒரே வாரத்தில் மூன்று ஆட்டம்: பேங்க்ஸ், ஒன்-பாக்கெட், நைன்-பால். மூன்றையும் சேர்த்து அதிகப் புள்ளி வாங்குகிறவருக்கு ‘மாஸ்டர் ஆஃப் த டேபிள்’ பட்டம். எய்ட்-பால், நைன்-பால், டென்-பால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உலகப் போட்டி உண்டு. அங்கெல்லாம் ஓர் ஆட்டத்துக்குத் தயாராகி வந்தால் போதும். இங்கே செவ்வாய்க்கிழமை பழகிய கை வியாழக்கிழமைக்கு உதவாது. அதைப் பார்க்கத்தான் ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன்.

பணம் கட்டினால் யாரும் ஆடலாம். பேங்க்ஸுக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

ஜனவரி 25, சனி

காலையில் ராயபுரத்திலிருந்து அண்ணன் போன். அங்கே சாயங்காலம், கேரம் கிளப்புக்குப் போகிற நேரம்.

“எல்லாக் காயையும் கட்டையில அடிச்சுத்தான் எடுக்கணுமா? நேரா வாய்ல நிக்கிற காயைக்கூடவா?”

“ஆமாண்ணே. நேரா போட்டா கணக்குல வராது.”

“அப்போ நான் வந்திருக்கணும்டா.”

வந்திருந்தால் எனக்குக் கிடைத்ததுதான் அவருக்கும் கிடைத்திருக்கும். பேங்க்ஸில் 9 பந்து. 5 பந்தை முதலில் போடுகிறவர் ஓர் ஆட்டம் ஜெயித்தவர். 3 ஆட்டம் ஜெயித்தால் அடுத்த சுற்று. எனக்கு வாய்த்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். இடது கை விரல்கள் மூட்டுவாதத்தில் வளைந்திருந்தன. கோலைத் தாங்க விரலை வளையமாகக்கூட மடிக்க முடியவில்லை. கையை அப்படியே துணிமேல் அப்பளம் மாதிரி வைத்து, கட்டைவிரல் ஓரத்தில் கோலைக் கிடத்தினார். அடித்த அடி அவ்வளவு மெது.

அவருடைய முதல் பந்து நீளவாட்டில் போய்க் குஷனைத் தொட்டு, மேஜை முழுவதும் திரும்பி வந்து மூலைக் குழியில் விழுந்தது. நான் பலமாக அடித்த பந்தெல்லாம் குழிக்கு முன்பாகவே ஓரக் குஷனில் போய் முட்டியது. வேகமாகப் போகும் பந்து ரப்பருக்குள் ஆழமாக அமுங்கும். வெளியே வரும்போது கோணம் குறுகிவிடும். புத்தகத்தில் படித்ததுதான். கைக்குத் தெரியவில்லை. மூன்றுக்குப் பூஜ்யம்.

முதல் தோல்விக்குப் பிறகு மறுபடி பணம் கட்டி ஒரே ஒரு முறை உள்ளே வரலாம். வந்தேன். இரவு பதினொரு மணிக்கு மறுபடி தோற்றேன், மூன்றுக்கு ஒன்று. அந்த ஓர் ஆட்டத்தில் நான் போட்ட கடைசிப் பந்தைப் பெரியவர் மாதிரி மெதுவாக அடித்தேன் என்பதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

ஒன்-பாக்கெட். இன்று முழுக்க ஒரே நாற்காலி.

மேஜையில் ஆறு குழி இருந்தாலும் இரண்டுக்குத்தான் மதிப்பு. பந்தடுக்கு இருக்கும் பக்கத்து மூலைகளில் ஒன்று உனக்கு, மற்றது எனக்கு. 15 பந்தில் 8 பந்தைத் தன் குழியில் போடுகிறவர் ஜெயித்தவர். எதிராளியின் குழியில் தவறி விழுந்தால் அது அவர் கணக்கு. ஃபவுல் செய்தால் போட்ட பந்தில் ஒன்றைத் திரும்ப எடுத்து மேஜையில் வைக்கவேண்டும்.

முதல் அடியிலேயே ஆட்டத்தின் குணம் தெரிந்துவிடுகிறது. நைன்-பாலில் அடுக்கை வெடித்துச் சிதற வைப்பார்கள். இங்கே இலேசாகத் தொட்டு, நாலைந்து பந்தைத் தன் குழிப் பக்கமாக நகர்த்தி, வெள்ளைப் பந்தை எதிராளியின் பக்கக் குஷனோடு ஒட்டவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எதிராளி எழுந்து வந்து மேஜையைச் சுற்றுகிறார். குனிந்து பார்க்கிறார். சாக் தடவுகிறார். மறுபடி சுற்றுகிறார். போடக்கூடிய பந்து ஒன்று இருக்கிறது. போட்டால் வெள்ளைப் பந்து நடுவில் வந்து நிற்கும், எதிராளி நாலு பந்தை அள்ளிவிடுவார். போடவில்லை. இன்னொரு பந்தை முன்னால் தள்ளி வழியை அடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். போடக்கூடிய அந்தப் பந்தைப் போட்டிருந்தாலும் கைதட்டியிருக்காத கூட்டம், அதைப் போடாமல் விட்டதற்குக் கைதட்டியது!

ஓர் ஆட்டமே ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. தொலைக்காட்சிக்காரர்கள் இதைத் தொடமாட்டார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். பந்து விழுவதை யாரும் ரசிப்பார்கள். விழக்கூடாத நேரத்தில் விழாமல் வைப்பதைப் பழகித்தான் ரசிக்கவேண்டும். பழக்கிவிட ஆளில்லை.

பக்கத்து நாற்காலியில் பிலிப்பினோக்காரர் ஒருவர். பேச்சு எஃப்ரென் ரெயெஸுக்கு வராமல் இருக்குமா? ‘மாஸ்டர் ஆஃப் த டேபிள்’ பட்டத்தை 5 முறை வாங்கியவர். சிறுவயதில் மணிலாவில் மாமாவின் ‘லக்கி 13’ கூடத்தில் மேஜை மேலேயே படுத்துத் தூங்கியவர். 1985-இல் அமெரிக்காவுக்கு வந்தபோது சீசர் மொராலெஸ் என்று வேறு பெயரில் ஆடி ஹூஸ்டனில் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். 1999-இல் கார்டிஃபில் நைன்-பால், 2004-இல் ஃபுஜைராவில் எய்ட்-பால் என இரண்டிலும் உலக சாம்பியன். குழியே இல்லாத மேஜையில் ஆடும் மூன்று குஷன் பில்லியர்ட்ஸும் அவருக்கு அத்துப்படி. மறைந்த பந்தைக் குஷன் வழியாக எட்டித் தொடும் வித்தை அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். ஒரு மேஜையில் கற்றதை இன்னொரு மேஜைக்குக் கொண்டுவந்தவர்.

ஜனவரி 28, செவ்வாய்

தூக்கமில்லை. ஆட்டங்கள் விடியற்காலை வரை ஓடுகின்றன.

ஒரு மூலையில் ஸ்ட்ரெய்ட் பூல், யார் தவறாமல் அதிகப் பந்து போடுகிறார் என்று. வில்லி மொஸ்கோனி 1954-இல் தொடர்ச்சியாகப் போட்ட 526 பந்து, ஜான் ஷ்மிட் 2019-இல் 626 போடும் வரை நின்றது. மொஸ்கோனி அதை ஆடியது ஒகையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில். என் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். இத்தனை வருஷம் அந்த ஊர் வழியாகப் போய்வந்தும் எனக்குத் தெரியாது.

பேங்க்ஸ் பெரியவர் எதிரே வந்தார். இலினாயில் ஜான்ஸ்டன் சிட்டியைப் பற்றிச் சொன்னார். 1961-இல் ஜான்ஸ்கோ சகோதரர்கள் அங்கே தொடங்கிய போட்டிகளிலும் இதே மாதிரி, ஒன்-பாக்கெட், நைன்-பால், ஸ்ட்ரெய்ட் பூல் மூன்றுக்கும் சேர்த்து ஒரு வெற்றியாளர். 1972-இல் சூதாட்டம் என்று அதிகாரிகள் புகுந்ததோடு முடிந்தது.

ஜனவரி 30, வியாழன்

நைன்-பால். கூடம் நிரம்பிவிட்டது.

திங்களன்று ஒன்-பாக்கெட்டில் நான் வியந்து பார்த்த அதே ஆட்டக்காரர். இரண்டாவது ஆட்டத்தில் நீலப் பந்து தெளிவாகத் திறந்து கிடந்தது. போடவேண்டியதுதான். அவர் நின்றார், சாக் தடவினார், வெள்ளைப் பந்தை ஒளித்து வைத்தார். மூன்று நாள் பழக்கம் கையை இழுத்துவிட்டது. எதிராளி இளைஞன், ஒளித்ததைக் குஷனில் எட்டித் தொட்டு, மேஜையைத் துடைத்துவிட்டான். பிறகு அவர் விழித்துக்கொண்டார். தோளை உதறிவிட்டு வந்து, அடுத்த நாலு ஆட்டத்தையும் நிற்காமல் போட்டார். ஒரு வித்தையைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொள்வதைக் கண்முன்னே பார்த்தேன். நான் வந்தது இதற்குத்தான்.

பிப்ரவரி 1, சனி

நாளைக் காலை ஷிஃப்ட். இறுதி ஆட்டத்துக்கு இருக்க முடியாது. பெட்டியைக் காரில் வைக்கும்போது அண்ணன் போன்.

“நீ சொன்ன மாதிரி நேத்து ராத்திரி போர்டுல ஆடிப் பாத்தோம்டா. ஆளுக்கு ஒரே குழி. மத்த ரெண்டையும் துணி வெச்சு அடைச்சாச்சு.”

“எப்படி இருந்துச்சு?”

“நம்ம பசங்க காயை எடுக்கவே மாட்டேங்கிறானுங்க. நகத்தி நகத்தி ஒளிச்சு வைக்கிறானுங்க. மணி ஒண்ணாயிடுச்சு, ஒரு போர்டு முடியல.” கொஞ்சம் நிறுத்தினார். “ஃபவுல் பண்ணா எடுத்த காயை எங்கே வைக்கணும், நடுவுலயா?”

வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்து விதிகளை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.