அசையாத மாப்ள

கார்ப்பெட் விரித்த தரையில் ஸ்க்ரூ விழுந்தால் சத்தமே கேட்காது. டொராண்டோவுக்கு வந்து, பழைய பாக்கெட் வாட்ச்களைப் பிரித்துப் பூட்ட உட்கார்ந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. டுவீசர் முனையிலிருந்து நழுவும். அவ்வளவுதான். எந்தப் பக்கம் போனது என்று ஒரு துப்பும் கிடைக்காது.

திருச்சியில் மாமாவின் கடைக்குச் சிவப்பு சிமெண்ட் தரை. பெரிய கடை வீதியை ஒட்டிய சந்தில், இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டிய கடை. அங்கே ஸ்க்ரூ விழுந்தால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் தள்ளி, சன்னமாக இன்னொன்று. அந்த இரண்டு சத்தங்களை வைத்தே அது பெஞ்சுக்கு அடியில் போனதா, வாசல் பக்கம் ஓடியதா என்று மாமா சொல்லிவிடுவார்.

“அசையாத மாப்ள. காலத் தூக்காத.”

அந்தக் குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை. வார் மாற்ற வந்தவர் நின்ற இடத்தில் நிற்பார். டீ கொண்டுவந்த பையன் கிளாஸைப் பிடித்தபடி படியிலேயே நிற்பான். மாமா ஃபேனை நிறுத்திவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைப்பார். மேலிருந்து அடித்தால் தூசியும் ஸ்க்ரூவும் ஒன்றாகத்தான் தெரியும். பக்கவாட்டில் வெளிச்சம் போனால், கடுகில் பாதிகூட இல்லாத துண்டுக்கும் நீளமாக நிழல் விழும். அப்படியும் அகப்படாவிட்டால் வேட்டி மடிப்பை உதறுவார், கடையைப் பெருக்குவார், குப்பையை வெள்ளைத்தாளில் கொட்டிக் காந்தத்தை ஓட்டுவார். அந்தக் காந்தம் வாசலோரத் தகர டப்பாவில்தான் இருக்கும். பெஞ்ச் பக்கம் வரவே கூடாது. ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடிகாரம் தாறுமாறாக ஓடும். விழுந்தது வாட்ச்சுக்குள் பதித்திருக்கும் கல் என்றால் காந்தமும் உதவாது. விரல் நுனியை ஈரமாக்கி, தொட்டுத் தொட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பொன்மலை ரயில்வே குடும்பங்களிலிருந்து வரும் தாத்தா காலத்து வாட்ச்கள் மீது மாமாவுக்குத் தனிப் பிரியம். வால்தாம் வந்தால் முகம் தெளிந்துவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1850-களில் தொடங்கி, பாகங்களை மெஷினில் ஒரே அளவாகச் செய்த கம்பெனி அது. ஒன்றின் ஸ்க்ரூ அதே மாடலின் இன்னொன்றில் பொருந்தும். கையால் செய்த பழைய இங்கிலீஷ் வாட்ச்கள் அப்படியில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவும் அதனதன் துளைக்கென்றே செய்தது. எது எங்கே என்று தெரிவதற்குப் புள்ளி குத்தி வைத்திருப்பார்கள். அதில் ஒன்று தொலைந்தால் வாங்க முடியாது. செய்துதான் போட வேண்டும்.

மாமா செய்வார். எஃகுக் கம்பியைச் சின்னக் கடைசலில் கடைந்து, மரை போட்டு, தலையில் காடி வெட்டி, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மினுமினுக்கும்வரை தேய்ப்பார். பிறகு பித்தளைத் தூள் நிரப்பிய தட்டில் அதை நட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் பிடிப்பார். வைக்கோல் மஞ்சள் வரும். பழுப்பு. ஊதா. பிறகு சட்டென்று நீலம். கிட்டத்தட்ட 300 டிகிரி சூட்டில் வருகிற நீலம். அந்தக் கணமே எடுத்தாக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் நிறம் வெளிறிவிடும், மறுபடி தேய்ப்பிலிருந்து ஆரம்பம். நீலம் சரியாக வந்தால் “ம்” என்பார். வேறு வார்த்தை வராது. அந்த ஒரு “ம்”மைக் கேட்க இப்போது எந்த ஊருக்குப் போவது?

இன்று என் மேஜையில் எல்லாம் இருக்கிறது. நிழல் விழாத விளக்கு இருக்கிறது. வாட்ச்சின் துடிப்பைக் கேட்டுத் திரையில் கோடு போடும் மெஷின் இருக்கிறது. பெரும்பாலும் மணிக்கு 18,000, அதாவது நொடிக்கு ஐந்து துடிப்பு. அவை சீராக விழாவிட்டால் திரையில் இரண்டு கோடுகள் விலகி ஓடும். மாமா காதோரம் வைத்துப் பார்த்துவிட்டு, “நொண்டுது” என்பார். மெஷின் சொல்வதும் அதைத்தான். ஆனால் அது என் தோளைத் தொட்டு, என் காதிலும் வைத்து, “கேக்குதா?” என்று கேட்பதில்லை.

தொலைந்த ஸ்க்ரூவுக்குப் பதில் இன்னொன்று தபாலில் வந்துவிடுகிறது. பொருந்துகிறது. ஓடுகிறது. ஊரைவிட்டு வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்: ஒரு துண்டு இரும்புக்காக ஒரு கடையே மூச்சைப் பிடித்து நின்றதே, யாரோ ஒருவருடைய தாத்தாவின் கடிகாரத்துக்காக வழிப்போக்கர்கூட முழங்காலிட்டுத் தேடினாரே, கிடைத்ததும் முன்பின் தெரியாதவர்கள் சிரித்துக்கொண்டார்களே, அதை எந்தத் தபாலில் வரவழைப்பது? இங்கே நான் தேடும்போது யாரும் நிற்பதில்லை.

பாழான வாட்ச்களிலிருந்து கழற்றிய பாகங்களை மாமா ஹோமியோபதி மாத்திரைக் குப்பிகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் தன் குண்டு எழுத்தில் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். அவர் போன பிறகு கடையைக் காலி செய்தார்கள். பித்தளை தனியாக, இரும்பு தனியாக, எல்லாம் எடைக்குப் போனது. நான் இங்கே இருந்தேன்.

உங்கள் வீட்டு பீரோவில் ஓடாத பாக்கெட் வாட்ச் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கழன்று கிடக்கும் துண்டுகளையும் சேர்த்து ஒரு கவரில் போட்டு, உங்கள் ஊரில் இன்னும் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். சரிசெய்ய முடிந்தால் சரிசெய்யட்டும். முடியாது என்றால், உதிரிபாகத்துக்காவது அவரிடமே இருக்கட்டும்.