நான்கு ஸ்பின்களிலிருந்து தொடங்குங்கள்

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் வீட்டிலிருந்து கேரித் தீவுப் பாலம் தூரமில்லை. பாலத்தின் கீழே லங்காட் ஆறு கடலோடு சேர்ந்து நாளுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றும். கடலின் இந்த ஏற்றத்தையும் வற்றத்தையும் முன்கூட்டியே சொல்ல, 1870களில் கெல்வின் பிரபு ஓர் இயந்திரம் செய்தார். நிலவின் இழுப்புக்கு ஒரு கப்பி, சூரியனின் இழுப்புக்கு ஒரு கப்பி என்று ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஏறி இறங்கும். எல்லாக் கப்பிகளின் மேலும் ஓடும் ஒரே கயிறு அந்த அசைவுகளைக் கூட்டி, நீர்மட்டத்தைத் தாளில் கோடாக வரையும். கடலைப் போல நடக்கும் ஒரு பொருளைச் செய்து கடலை அறியும் வேலை அது. மாலை நேரங்களில் நான் செய்வதும் அதே இனத்தைச் சேர்ந்த வேலைதான். என் கப்பிகள் கியூபிட்டுகள், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள்.

ஒரு காந்தத்துக்குள் எலெக்ட்ரான் ஸ்பின்கள் (மேலோ கீழோ நோக்கும் குட்டிக் காந்தங்கள் போன்றவை) ஒன்றையொன்று எப்படித் திருப்புகின்றன என்று சாதாரணக் கணினியில் கணக்குப் போட்டால் சீக்கிரமே நினைவகம் தீர்ந்துவிடும். ஒரு ஸ்பின் கூடினால், எழுதிவைக்க வேண்டிய எண்கள் இரட்டிப்பாகும். 4 ஸ்பின்னுக்கு 16 எண்கள். 30 ஸ்பின்னுக்கு 107 கோடி. அதைத் தாங்க 17 கிகாபைட் வேண்டும். 50 ஸ்பின்னுக்கு 1.8 கோடி கிகாபைட். இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கும்போது, அதைப் போலச் செய்துகாட்டும் கருவியும் அதே விதிப்படி நடக்கட்டும் என்று 1981இல் ரிச்சர்ட் ஃபைன்மன் வாதிட்டார். அண்டையில் உள்ளவற்றோடு மட்டும் உறவாடும் அமைப்புகளுக்கு அது முடியும் என்று 1996இல் சேத் லாயிட் காட்டினார். 2016 மே மாதம் ஐபிஎம் தன் 5 கியூபிட் கணினியை இணையத்தில் திறந்துவிட்டது. அதன் பிறகு இந்த வேலைக்கு ஆய்வகம் வேண்டியதில்லை. வீட்டு மேசை போதும்.

நான் எப்போதும் நான்கு ஸ்பின் சங்கிலியில்தான் தொடங்குவேன். இடக்கோடியில் இருப்பது மேல் நோக்கியும் மற்ற மூன்றும் கீழ் நோக்கியும் நிற்கட்டும். அண்டை ஸ்பின்கள் ஒன்றையொன்று திருப்பும் ஹைசன்பர்க் மாதிரியில் மேல் நோக்கும் ஸ்பின்களின் எண்ணிக்கை மாறாது. ஆகவே 16 நிலைகளில் நான்கு மட்டுமே கணக்கில் வரும். நோட்டுப் புத்தகத்திலேயே போட்டுவிடலாம். அந்த ஒற்றை 'மேல்' வலப்பக்கமாகப் பரவி, கோடியில் மோதித் திரும்புவது பேனா முனையில் தெரியும். இயந்திரத்தைத் தொடும் முன்பே விடை என் கையில் இருக்கும்.

அதன் பிறகுதான் சுற்று எழுதுவேன்; கியூபிட்டுகளின் மேல் செய்ய வேண்டிய செயல்களின் வரிசை அது. இயற்கையில் மூன்று இணைப்புகளும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. இயந்திரத்தில் 1-2, 3-4 இரண்டையும் ஒன்றாகத் திருப்பலாம்; 2-3 தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் காலத்தை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, மாற்றி மாற்றித் திருப்புகிறோம். துண்டுகளை இரட்டிப்பாக்கினால், நறுக்குவதால் வரும் பிழை ஏறத்தாழ பாதியாகும். ஆனால் செயல்களும் இரட்டிப்பாகி, இயந்திரத்தின் இரைச்சல் கூடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. 2, 4, 6, 8 துண்டுகள் என்று ஓட்டிப் பார்த்து, நோட்டுப் புத்தகத்துக்கு மிக அருகில் வருவதை எடுத்துக்கொள்வேன். நாளுக்கு நாள் அந்த இடம் நகரும்.

ஒவ்வொரு சுற்றையும் ஆயிரக்கணக்கான முறை ஓட்டுவேன். ஒவ்வொரு முறையும் நான்கு இலக்கங்கள் வரும். மேல் நோக்கும் ஸ்பின்னுக்கு 1, கீழ் நோக்குவதற்கு 0. ஆகவே அவற்றில் ஒன்றே ஒன்று 1 ஆக இருக்க வேண்டும். 1 வராததையும் ஒன்றுக்கு மேல் வந்ததையும் கழித்துவிடுவேன். எத்தனை கழிந்தன என்பதை மட்டும் தவறாமல் குறித்துவைப்பேன். அன்றைக்கு இயந்திரம் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. எண்ணிக்கையை மாற்றாமல் குவாண்டம் அலையின் கட்டத்தை (phase) மட்டும் கலைக்கும் பிழை இந்தச் சல்லடையில் சிக்காது. அதைப் பிடிக்க நோட்டுப் புத்தகம்தான் உதவும்.

ஆரம்பத்தில் நடுவில் உள்ள இரண்டு ஸ்பின்களை மேல் நோக்கி வைத்துத்தான் சோதித்தேன். விடை அச்சாகப் பொருந்தியது. பிறகு ஒருநாள் இடக்கோடியிலிருந்து தொடங்கியபோது எல்லாம் வலக்கோடியில் ஆரம்பித்தது. நான் பயன்படுத்திய மென்பொருளில் வலக்கோடி இலக்கம்தான் முதல் கியூபிட். என் தொடக்கநிலை இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்ததால் அந்தப் பிழை மறைந்தே கிடந்தது. பழைய கணக்குகள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். முதல் சோதனைக்குச் சமச்சீரான நிலையை இப்போது எடுப்பதே இல்லை.

இந்தக் கவனம் பெரிய இயந்திரங்களுக்கும் பொருந்தும். 2023 ஜூனில் ஐபிஎம் குழு 127 கியூபிட்டுகளில் ஒரு காந்த மாதிரியை ஓட்டி முடிவை வெளியிட்டது. சரியான விடை தெரிந்த சுற்றுகளில் முதலில் ஒப்பிட்டுவிட்டுத்தான் கடினமானவற்றுக்குப் போனார்கள். சில வாரங்களுக்குள் வேறு குழுக்கள் புதிய உத்திகளோடு அதே கணக்கைச் சாதாரணக் கணினியில் போட்டுக் காட்டின. அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இயந்திரம் சொன்னதைச் சரிபார்க்க இன்னும் ஒரு வழி கிடைத்தது.

எதற்காக இத்தனை பாடு? சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றிய கணபதி பாஸ்கரன், 1987இல் இயற்பியலாளர்கள் ஆண்டர்சன், ஸூ ஆகியோருடன் சேர்ந்து, உயர் வெப்பநிலை மீக்கடத்திகளுக்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். அந்த விளக்கத்தின் மையத்தில் இருப்பது, எலெக்ட்ரான்கள் இடம்விட்டு இடம் தாவி, ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒன்றையொன்று தள்ளும் ஹப்பர்டு மாதிரி. ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் இரு பரிமாணத்தில் எல்லாரும் ஒப்பும் முழு விடை இன்றுவரை இல்லை. 2017இல் ஹார்வர்டில் ஏறத்தாழ 80 இடங்கள் கொண்ட ஒளிப் பின்னலில் குளிர்ந்த அணுக்களை நிறுத்தி, அந்த மாதிரியின் எதிர்க்காந்த ஒழுங்கை (அடுத்தடுத்த ஸ்பின்கள் மேலும் கீழுமாக மாறி மாறி நிற்பதை) நேரில் கண்டார்கள். நம் நோட்டுப் புத்தகம் எட்டாத இடத்துக்கு இத்தகைய கருவிகள்தான் போகப் போகின்றன.

கெல்வினின் இயந்திரம் வரைந்த கோட்டை, அளவுகோல் காட்டும் நீர்மட்டத்தோடு தினமும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. தொடங்க நினைப்பவர்களுக்கு, குறிப்பாக நம் பிள்ளைகளுக்கு, நான் சொல்வது இதுதான்: நான்கு ஸ்பின் எடுங்கள், விடையை முதலில் கையால் எழுதுங்கள், பிறகு இயந்திரத்தைக் கேளுங்கள். தெரிந்த விடையில் நேர்மையாக நடந்த கருவியைத்தான் தெரியாத விடைக்கு நம்பலாம்.